கேயாஸ்: கொட்டாவியில் பிறந்து, கேஸ் சிலிண்டருக்குள் புகுந்து, மயிலம் மழை வரை வந்த ஒரு வார்த்தை!

'டோட்டல் கேயாஸ் ப்ரோ!'

இந்த வாரம் மட்டும் உங்கள் போனில் இதை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்? பொங்கலுக்கு முதல் நாள் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நீளும் கார் வரிசை. விழுப்புரம் ஜங்ஷனில் அன்ரிசர்வ்டு பெட்டி வந்து நின்றதும் நடக்கும் தள்ளுமுள்ளு. திண்டிவனத்தில் சென்னை, பாண்டி, திருவண்ணாமலை பஸ்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கும் ஹாரன். கல்யாண மண்டபத்தில் முதல் பந்தி. எல்லாத்துக்கும் ஒரே கேப்ஷன்தான்: கேயாஸ்.

சரி, விடுங்கள். ரீல்ஸுக்கு அது போதும். ஆனால் 2024 டிசம்பர் முதல் வாரத்தில் இதே விழுப்புரம் மாவட்டம் தண்ணீரில் நின்றபோதும் நம்மில் பலர் இதே வார்த்தையைத்தான் எடுத்தோம். புயல் போக்குக் காட்டியது கேயாஸ், மயிலத்தில் கொட்டிய மழை கேயாஸ், அரசூரில் ஹைவே மூழ்கியது கேயாஸ், ரயில் நின்றது கேயாஸ். விஞ்ஞானிகளிடம் கேட்டால் இந்தப் பட்டியலில் பாதிக்குத்தான் அந்தப் பெயரைத் தருவார்கள். எந்தப் பாதி என்று தெரிய, அந்த வார்த்தை வந்த வழியைக் கொஞ்சம் பார்க்கணும்.

முதலில் உச்சரிப்பு. 'சாவோஸ்' இல்லை, 'கேயாஸ்'. ஸ்கூல், கிறிஸ்துமஸ் மாதிரி இதுவும் கிரேக்க வழி வந்த வார்த்தை. அங்கே அந்த எழுத்துக்கு ஒலி 'க'-வுக்குப் பக்கத்தில்.

வாயைப் பிளந்த வெளி

கி.மு. 700 வாக்கில் வாழ்ந்த கிரேக்கக் கவிஞர் ஹெசியோட், 'தியோகனி' என்ற நூலில் உலகம் உண்டான கதையைச் சொல்கிறார். எல்லாவற்றுக்கும் முதலில் வந்தது கேயாஸ். அதற்குப் பிறகுதான் பூமி. அந்த கேயாஸிலிருந்துதான் இருளும் இரவும் பிறக்கின்றன. கதையில் அதுவரைக்கும் சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. அவர் சொன்ன கேயாஸ் என்பது ஒரு பிளவு, ஆழம் தெரியாத ஒரு வெற்று வெளி. வாயைப் பிளப்பதைக் குறிக்கும் கிரேக்க வினைச்சொல்லின் சொந்தக்கார வார்த்தை இது. கொட்டாவி விடுவதைக் குறிக்கும் ஆங்கிலத்தின் 'யான்' கூட இதற்குத் தூரத்து உறவு என்கிறார்கள் மொழியியலாளர்கள். முதல் பீரியட் கணக்கு வகுப்பில் நீங்கள் விடும் கொட்டாவிதான் அசல் கேயாஸுக்குப் பக்கத்தில் வருகிறது!

அப்புறம் எப்படி அது கசகசப்பு ஆனது? அதற்கு ரோமாபுரிக் கவிஞர் ஓவிட் முக்கியக் காரணம். கி.பி. 8 வாக்கில் வந்த அவரது 'மெட்டமார்ஃபசிஸ்' நூலும் உலகத் தொடக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால், ஹெசியோடின் வெற்றிடத்தை அவர் நிரப்பிவிட்டார். நிலம், நீர், காற்று, சூடு, குளிர் எல்லாம் பிரியாமல் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கிடக்கும் ஒரு பெரிய உருண்டை. அதுதான் அவருடைய கேயாஸ். ஐரோப்பா முழுக்கப் பள்ளிக்கூடங்களில் பல நூற்றாண்டுகள் படிக்கப்பட்ட கவிஞர் ஓவிட். அவர் கொடுத்த அர்த்தம் ஜெயித்தது. இன்றைக்கு நாம் போடுகிற கேப்ஷன் அவர் வழி வந்ததுதான்.

நடுவில் இந்த வார்த்தை போட்ட ஒரு குட்டி நமது அடுப்படிக்குள் இருக்கிறது. 17-ம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவர் இருந்தார். 62 பவுண்டு கரியை எரித்தால் ஒரே ஒரு பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது. மீதி எங்கே போனது என்று யோசித்தார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றாக வெளியேறியிருக்கிறது என்று முடிவு செய்தவர், அதற்குப் பெயர் தேடினார். பிடிக்கு அடங்காதது, உருவம் இல்லாதது... பழைய கிரேக்க 'கேயாஸ்' ஞாபகம் வந்தது. அவர் ஊர் வாயில் அதைச் சுருக்கி வைத்த பெயர்தான் 'கேஸ்'. ஆக, 'கேஸ் தீர்ந்துபோச்சு, புக் பண்ணு' என்று அம்மா கத்தும்போது, கேயாஸ் தீர்ந்ததைத்தான் சொல்கிறார்.

நம்ம ஊர் கேயாஸ்

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. அவற்றின் வேர்களைத் தோண்டினால் கிரேக்கக் கதையை விட சுவாரஸ்யம். 'குழப்பம்' எங்கிருந்து வந்தது? 'குழம்பு' என்ற வினையிலிருந்து. ஒன்றோடு ஒன்று கலந்து தெளிவு போய்விட்ட நிலை. தட்டில் ஊற்றுகிற வத்தக்குழம்பும் அதே வேர்தான். ஓவிட் சொன்ன எல்லாம் கலந்த உருண்டைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. 'கலக்கம்' என்பதும் அப்படித்தான்; ஏரித் தண்ணீர் கலங்குவதற்கும் மனசு கலங்குவதற்கும் ஒரே வார்த்தை.

'அல்லோலகல்லோலம்' என்பதில் இருக்கும் 'கல்லோலம்' சமஸ்கிருதத்தில் பெரிய அலை. கடல் கொந்தளிப்பு அந்த வார்த்தைக்கு உள்ளேயே இருக்கிறது. 'களேபரம்' இன்னும் விசித்திரம். சமஸ்கிருதத்தில் அதற்கு உடல் என்று பொருள். பழைய தமிழ் நூல்களிலும் அப்படியேதான் வரும். நாம்தான் அதை 'ஒரே களேபரமா இருக்கு' என்று கல்யாண வீட்டுக்கு மாற்றிவிட்டோம். 'அமளி' என்றால் பழைய இலக்கியத்தில் மெத்தை, படுக்கை! சட்டசபையில் அமளி என்று செய்தி வரும்போதெல்லாம் இதை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம்.

ஆனால், என்னைக் கேட்டால் கேயாஸுக்கு உண்மையான தமிழ் ஜோடி 'பாழ்' என்ற ஒற்றைச் சொல். பாழ் என்றால் வெறுமை, ஒன்றுமில்லாத வெளி. திருமந்திரம் பேசும் 'முப்பாழ்' அந்தப் பொருளில்தான். அதே சொல் 'பாழாப்போச்சு', 'பாழடைஞ்ச வீடு' என்று சீரழிவுக்கும் வந்து நிற்கிறது. வெற்று வெளியில் தொடங்கி, கெட்டுப்போன நிலையில் முடிந்த கிரேக்க வார்த்தை போன அதே பாதை.

0.506127

இப்போது விஞ்ஞானம். பயப்படாதீர்கள், ஒரே ஒரு எண்தான்.

1961. அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை ஆராய்ச்சியாளர், மேஜை அளவு கம்ப்யூட்டர் ஒன்றில் ஒரு பொம்மை வானிலையை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். நிஜ வானிலை இல்லை. 12 சமன்பாடுகள் மட்டும். முன்பு ஓடிய ஒரு கணக்கை இன்னொரு முறை பார்க்கணும் என்று ஆசை. முதலிலிருந்து ஓடவிட்டால் நேரமாகும் என்பதால், நடுவில் வந்த எண்களை அச்சான தாளைப் பார்த்து டைப் செய்தார். கம்ப்யூட்டருக்குள் இருந்த எண் 0.506127. தாளில் மூன்று இலக்கம்தான் அச்சாகும்: 0.506. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. டைப் செய்துவிட்டு காபி குடிக்கப் போனார்.

திரும்பி வந்து பார்த்தால் புது வானிலைக்கும் பழைய வானிலைக்கும் சம்பந்தமே இல்லை. ஆரம்பத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டே போகின்றன. பிறகு விலகல் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று பெருகி, கடைசியில் ஒன்று கிழக்கே, மற்றொன்று மேற்கே. மெஷினில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார். கோளாறு எதுவும் இல்லை. சமன்பாடுகளின் குணமே அது. 1963-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1972 டிசம்பரில் பேசிய ஒரு பேச்சின் தலைப்புதான், பிரேசிலில் வண்ணத்துப்பூச்சி சிறகடித்தால் டெக்சாஸில் சூறாவளி வருமா என்ற பிரபலமான கேள்வி. அந்தத் தலைப்பை வைத்ததே அவர் இல்லை. கூட்டத்தை ஒருங்கிணைத்த சக விஞ்ஞானி. லோரன்ஸ் அதற்கு முன்பு சொல்லிவந்த உதாரணம் கடற்பறவை. நல்லவேளை மாறியது. 2008-ல் 'தசாவதாரம்' வழியாக நம் தியேட்டர்களுக்கும் அந்தப் பூச்சி பறந்து வந்தது. இந்த மாதிரிக் கணக்குகளுக்கு 'கேயாஸ்' என்ற பெயர் நிலைத்தது 1975-ல் லீ, யோர்க் என்ற இரண்டு கணித அறிஞர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகு.

இங்கேதான் வார்த்தை மறுபடி குட்டிக்கரணம் அடிக்கிறது. விஞ்ஞானத்தில் கேயாஸ் என்றால் ஒழுங்கே இல்லாதது என்று அர்த்தம் இல்லை. விதி கறாராக இருக்கிறது. அதிர்ஷ்டத்துக்கோ தலையெழுத்துக்கோ அங்கே வேலை கிடையாது. ஆனால், தொடக்கத்தில் மயிரிழை மாறினாலும் முடிவு தலைகீழாக மாறும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரை வைத்து ஒரு ஓரக் காயை பாக்கெட்டுக்குத் தள்ளுங்கள். கை கொஞ்சம் பிசகினால் காயும் கொஞ்சம்தான் பிசகும். சின்னத் தப்பு சின்னத் தப்பாகவே இருக்கிறது. அடுத்து, நடுவில் காய்களை அடுக்கி முதல் அடி அடியுங்கள். எத்தனை முறை அதே இடத்திலிருந்து, அதே வேகத்தில் அடிப்பதாக நினைத்தாலும் காய்கள் வேறு வேறு மாதிரிதான் சிதறும். சின்னத் தப்பு பெரிய தப்பாக வளர்கிறது. முதல் அடி கேயாஸ், ஓரக் காய் கேயாஸ் இல்லை. இந்த ஒரு சோதனையைக் கையில் வைத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு வாங்க.

முதல் அடி: புயல்

2024 நவம்பர் கடைசி வாரம். புயலின் பெயரிலேயே குழப்பம்: எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள் 'ஃபெங்கல்' என்றார்கள், வானிலைத் துறை தந்த உச்சரிப்பு 'ஃபெஞ்சல்' என்றது. 27-ம் தேதி புயலாகும் என்றார்கள், ஆகவில்லை. 28-ம் தேதி, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்றார்கள். 29-ம் தேதி பிற்பகல் புயலாக மாறியே விட்டது. 'வரும், ஆனா வராது' மீம்கள் பறந்தன. வானிலைத் துறையைக் கலாய்க்காத குரூப் இல்லை.

ஆனால், இது கேரம் போர்டின் முதல் அடி. கடலுக்கு மேல் காற்றின் ஈரம், வேகம், வெப்பம் எல்லாவற்றையும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அளக்க யாராலும் முடியாது. 0.506127 இருக்கும் இடத்தில் நம்மிடம் இருப்பது எப்போதும் 0.506-தான். அதனால் இன்றைய வானிலை மையங்கள் ஒரே கணிப்பை நம்புவதில்லை. தொடக்க எண்களைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, ஐம்பது முறை போல ஓடவிடுகிறார்கள். புயல் நேரத்தில் போனில் சுற்றுமே, இடியாப்பம் பிழிந்த மாதிரி கோடு கோடாக ஒரு மேப், அது இதுதான். கோடுகள் ஒன்றாகப் போனால் நம்பலாம்; விரிந்து பிரிந்தால், 'இன்னும் தெரியாது' என்று அர்த்தம். கணிப்பு தினம் மாறுவது புதுத் தகவல் வந்ததன் அடையாளம். மாறவே மாறாத கணிப்பை ஃபார்வர்டு செய்யும் மாமாவைத்தான் சந்தேகப்படணும்.

நவம்பர் 30 இரவு 10.30 மணிக்கு மேல் புயல் பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. வழக்கமாகக் கரை ஏறியதும் நகர்ந்துகொண்டே வலுவிழக்கும். இது நகரவில்லை. தள்ளிக்கொண்டு போக வேண்டிய மேல்காற்று பலவீனமாக இருக்க, மணிக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கடலிலிருந்து ஈரத்தை இழுத்து ஒரே வட்டாரத்தில் கொட்டியது. டிசம்பர் 1 காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் பதிவான மழை 51 சென்டிமீட்டர்.

51 என்றால் எவ்வளவு? 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே வானிலைத் துறையின் பட்டியலில் 'அதி கனமழை'.  இது அந்த அளவைப் போல இரண்டரை மடங்கு. ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி நிலத்தின் மேல் மட்டும் விழுந்த தண்ணீர் சுமார் 1,13,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் ஒன்பது லாரிக்கு மேல், ஒரே மனையில், ஒரே நாளில். சங்க காலத்தில் ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனின் ஊராக இருந்த கிடங்கல் இன்றைக்குத் திண்டிவனத்தின் ஒரு பகுதி. அங்கே இருக்கும் ஏரியிலிருந்து பெரிய அணை வரை எதுவும் இந்த அளவை மனதில் வைத்துக் கட்டப்பட்டதில்லை.

புயல் மயிலத்துக்குப் பக்கத்தில் இத்தனை மணி நேரம் உட்காரும் என்று ஒரு வாரம் முன்பே சொல்லியிருக்க முடியுமா? முடியாது. இது அசல் கேயாஸ்.

ஓரக் காய்: ஆறு

அடுத்த நாள் நடந்தது வேறு வகை. வலுவிழந்த புயல் மேற்கே நகர்ந்து, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் எங்கே போகும்? தென்பெண்ணைக்கு. தென்பெண்ணை எங்கே வரும்? சாத்தனூர் அணைக்கு. அணை நிரம்பியிருந்தால் எங்கே போகும்? திருக்கோவிலூர், அப்புறம் விழுப்புரம் மாவட்டத்தின் திருவெண்ணெய்நல்லூர் பக்கம், கடைசியில் கடலூர். இந்த வரிசை புயலுக்குப் புயல் மாறாது. மலையும் பள்ளமும் போட்டுக்கொடுத்த பாதை அது.

டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணையும், அதன் கிளையான மலட்டாறும் கரையை மீறின. பேரைப் பாருங்கள், மலட்டாறு! அரசூரில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலைமேல் தண்ணீர் ஓடி, போக்குவரத்து நின்றது. இன்னொரு பக்கம் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் ரத்தாகின, திருப்பிவிடப்பட்டன. தென் மாவட்டங்களுக்கும் சென்னைக்கும் நடுவே கழுத்து மாதிரி இருக்கும் ஊர் விழுப்புரம். அங்கே பிடித்தால் மொத்த உடம்பும் நிற்கும்.

முன்கூட்டியே எச்சரித்தோம் என்றது அரசு. ஊர் தூங்கும் நேரத்தில் திறந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள். மறுநாள் இருவேல்பட்டில் பார்வையிட வந்த அமைச்சர் மீது சேறு வீசப்பட்டது. யார் சொல்வது சரி என்று தீர்ப்பு எழுதும் இடம் இது இல்லை. ஆனால் கேரம் சோதனையைப் போடலாம். அணையிலிருந்து போகும் தண்ணீரைக் கணக்கிடுவதில் நூற்றுக்கு ஐந்து பிசகினால், ஆற்றின் மட்டம் எவ்வளவு பிசகும்? கொஞ்சம்தான். எந்த ஊருக்கு, எத்தனை மணி நேரத்தில், எத்தனை அடி வரும் என்பதைக் காகிதத்தில் போட முடியும். சின்னத் தப்பு சின்னத் தப்பாகவே இருக்கும் இடம் இது. எல்லோருக்கும் சேதி போய்ச் சேர்ந்ததா, வாய்க்கால் தூர்வாரியிருந்ததா, ஏரிக்குள் வீட்டுமனை போட்டது யார் என்பதெல்லாம் அதைவிடவும் சாதாரணக் கேள்விகள். அவற்றுக்கு வண்ணத்துப்பூச்சியைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

இரண்டையும் ஒரே வார்த்தையில் போட்டுக் குழப்பினால் என்ன ஆகும் தெரியுமா? வானிலைத் துறையைத் திட்டவேண்டாத இடத்தில் திட்டுவோம். கேள்வி கேட்கவேண்டிய இடத்தில் 'இயற்கை சீற்றம், என்ன பண்ண முடியும்' என்று பெருமூச்சு விடுவோம். மேலே ஊத்தங்கரையில் மழை கொட்டியதற்கும் கீழே அரசூரில் ரோடு மூழ்கியதற்கும் நடுவில் இருந்த மணி நேரங்கள் யாருக்கும் உபயோகப்படாமல் போகும்.

உங்கள் வீடு தென்பெண்ணை, மலட்டாறு, சங்கராபரணி பக்கம் என்றால், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு போனில் செய்யவேண்டியது ரொம்பக் கொஞ்சம். புயல் கணிப்பை ஒரு நாளைக்கு இரண்டு முறை பாருங்கள், போன வாரத்து ஸ்கிரீன்ஷாட்டை டெலிட் செய்யுங்கள். தமிழ்நாடு அரசின் 'டிஎன் அலர்ட்' ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. உங்கள் ஊர் மழையோடு நிறுத்தாமல், ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களின் மழையையும் பாருங்கள். ஊத்தங்கரை உங்களுக்கு யாரோ இல்லை. சங்கராபரணிக்காரர்கள் வீடூர் அணையையும், தென்பெண்ணைக்காரர்கள் சாத்தனூரையும் கவனியுங்கள். சாத்தனூரின் முழு உயரம் 119 அடி. பருவமழை தொடங்கிவிட்டால் நீர்மட்டம் தினமும் செய்தியில் வரும். 110 தாண்டியதும் வீட்டில் பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள்; எந்த வருஷம் தண்ணீர் எந்தத் தெரு வரைக்கும் வந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.